குதிகாலுக்குப் பின்னால் ஒரு நாண்

ஸ்கேன் சென்டரில் கொடுத்த உறையைப் பிரித்ததும் யாரும் படத்தைப் பார்ப்பதில்லை. ரிப்போர்ட்டின் கடைசிப் பத்திக்குத்தான் கண் போகும். ‘அக்கிலிஸ் டெண்டினோசிஸ் வித் இன்ட்ராசப்ஸ்டன்ஸ் பார்ஷியல் டேர்’ என்று அங்கே ஒரு வரி இருந்தால் போதும். ஆறு மாதமாக நொண்டி நொண்டியாவது நடந்துகொண்டிருந்தவர் அன்றோடு நடையை நிறுத்திவிடுவார். உள்ளே கிழிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்களே, கிழிந்ததை மேலும் இழுக்கலாமா என்ற பயம். பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் நாள்பட்ட குதிகால் நாண் வலியில் இந்தப் பயம் பலரை எதிர்த்திசையில் கொண்டுபோய் விடுகிறது. எந்தச் சுமை அந்த நாணுக்கு மருந்தாக வேண்டுமோ, அதையே அவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள்.

அந்த வரி எப்படிப் பிறக்கிறது என்று இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், டாப்ளர், எம்.ஆர்.ஐ. என்று கருவிகள் பல. அவை காட்டுவது நாணின் அமைப்பை. வலி படத்தில் விழுவதில்லை. அமைப்புக்கும் வலிக்கும் உறவு உண்டு. ஆனால் அது நாம் எண்ணுவதைவிட மிகவும் தளர்வான உறவு. இதை மனதில் வைத்துக்கொண்டால், ரிப்போர்ட்டைப் பயமில்லாமல் படிக்கலாம்.

முதலில் எந்த வலி என்று பார்த்துவிடுவோம். நம் ஊரில் ‘குதிகால் வலி’ என்று சொல்லும் பலருக்கு வலி குதியின் அடியில் இருக்கும். அது உள்ளங்கால் படலத்தின் கோளாறு. இங்கே பேசப்போவது அதைப் பற்றியல்ல. கணுக்காலின் பின்புறம் இரண்டு விரல்களால் பிடித்துப் பாருங்கள், தடித்த நாண் ஒன்று அகப்படும். கெண்டைக்காலில் வெளியே புடைத்துத் தெரியும் தசையும், அதன் அடியில் தட்டையாகக் கிடக்கும் சோலியஸ் தசையும் ஒன்றாகச் சேர்ந்து, ஏறத்தாழ 15 செ.மீ. நீள நாணாகி, குதி எலும்பின் பின்பக்கத்தில் வந்து ஒட்டுகின்றன. இதுதான் அக்கிலிஸ் தசைநாண். உடலிலேயே மிகத் தடித்த, மிக வலுவான நாண். அதன் இழைகள் நேராக இறங்குவதில்லை. கீழே வர வர ஏறத்தாழ கால் சுற்று திரும்பிக்கொண்டே இறங்குகின்றன. இந்தத் திருகல் பின்னால் எம்.ஆர்.ஐ. படத்தைப் படிக்கும்போது குறுக்கே வரும்.

வலி வருவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. எலும்போடு ஒட்டும் இடம் ஒன்று. அதற்கு 2 முதல் 6 செ.மீ. மேலே உள்ள நடுப்பகுதி இன்னொன்று. இரண்டும் ஒரே நாணில் இருந்தாலும் நோயின் போக்கும் வைத்தியமும் வேறு. அதனால் மருத்துவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எந்த இடம்? ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்’ என்பதுதான். காலையில் எழுந்ததும் முதல் சில அடிகளில் விறைப்பு, நடக்க நடக்கச் சற்றுத் தளர்வு, ஓடினாலோ மாடிப்படி ஏறினாலோ மறுபடி வலி, இரு விரலால் நசுக்கினால் சுரீரென்று வலிக்கும் தடிப்பு. இவ்வளவும் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், பெரும்பாலானவர்களுக்கு நோயைக் கண்டுபிடிக்கப் படமே தேவைப்படாது.

இந்த நாண் தாங்கும் சுமையைச் சொன்னால் நம்புவது கடினம். பின்லாந்தைச் சேர்ந்த பாவோ கோமி, தன்னார்வலர்களின் குதிகால் நாணிலேயே சிறிய உலோக உணரியைப் பொருத்தி அவர்களை ஓடவிட்டு அளந்தார். அவர் 1990-இல் வெளியிட்ட கணக்குப்படி, வேகமாக ஓடும்போது நாணில் 9,000 நியூட்டன் வரை விசை ஏறியது. உடல் எடையைப் போல் சுமார் பன்னிரண்டரை மடங்கு. ஒவ்வொரு காலடிக்கும் இது நடக்கிறது.

இவ்வளவு சுமை தாங்கும் பொருள் தன்னை அடிக்கடி புதுப்பித்துக்கொள்ளும் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை என்று காட்டியது அணுகுண்டு. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் வெடித்த குண்டுகளால் காற்றில் கார்பன்-14 ஏறத்தாழ இரட்டிப்பானது. பிறகு படிப்படியாகக் குறைந்தது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களின் திசுக்களில் அந்தக் கார்பன் புகுந்தது. டென்மார்க்கின் காட்யா ஹைனமெயரும் அவருடைய குழுவும் குதிகால் நாணின் மையத் திசுவை எடுத்து அதில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று அளந்தார்கள். 2013-இல் வெளியான முடிவு: நாணின் மையம் சுமார் 17 வயதோடு கட்டி முடிக்கப்படுகிறது, அதற்குப் பிறகு அங்கே புதுப்பித்தல் என்று சொல்லத்தக்கது எதுவும் நடப்பதில்லை. அறுபது வயதுக்காரர் பள்ளிக்கூடத்தில் ஓடிய அதே நாணோடுதான் இன்றும் நடக்கிறார். 2018-இல் அதே குழு நோயுற்ற நாண்களைப் பார்த்தபோது, அவற்றில் பல ஆண்டுகளாகவே திசு மாறிக்கொண்டிருந்ததற்கான தடயம் கிடைத்தது. வலி தொடங்கிய நாளும் நோய் தொடங்கிய நாளும் ஒன்றல்ல. படத்தில் தெரியும் மாற்றம் சிலருக்கு வலிக்கு முன்பே இருப்பதற்கும், வலி போன பிறகும் சிலருக்கு மறையாமல் தங்குவதற்கும் பின்னணி இதுதான் என்று நினைக்கிறேன்.

படமெடுக்கும் கதை எக்ஸ்ரேயில் தொடங்குகிறது. நாண் எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியாது. ஆனால் அதற்கு முன்னால், கணுக்கால் எலும்புக்கும் நாணுக்கும் நடுவே, முக்கோண வடிவில் கொழுப்பு இருக்கிறது. பக்கவாட்டில் எடுத்த படத்தில் அந்தக் கொழுப்பு சற்றுக் கறுத்துத் தெரியும்; அதன் பின் எல்லைதான் நாணின் முன் விளிம்பு. வியன்னாவில் காகர் என்ற மருத்துவர் 1939-இல் இதை விவரித்தார். இன்றும் அது காகர் முக்கோணம்தான். அந்த எல்லை கலங்கியிருந்தால் நாண் வீங்கியிருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். அதற்கு முன்பே, 1928-இல், சுவீடனின் பேட்ரிக் ஹாக்லுண்ட், குதி எலும்பின் மேல் மூலை புடைத்துக்கொண்டு காலணியின் கெட்டியான பின்பகுதியில் உரசுவதை எழுதியிருந்தார்.

நாண் எலும்போடு ஒட்டும் இடத்து நோயில் எக்ஸ்ரேக்கு இன்றும் வேலை இருக்கிறது. நாணுக்குள் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, எலும்பு முள்ளாக வளர்ந்திருக்கிறதா என்பதைக் குறைந்த செலவில் காட்டிவிடும். சீனத் தடை ஓட்ட வீரர் லியு ஷியாங்கின் வலது கால் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றவர், 2008 ஆகஸ்ட் 18 அன்று பெய்ஜிங்கில் சொந்த நாட்டு மக்கள் முன்னால் ஓடாமலேயே வெளியேறினார். வலது குதிகால் நாணின் நாள்பட்ட நோய். அந்த ஆண்டு டிசம்பரில் ஹூஸ்டனில் அறுவை சிகிச்சை செய்து எலும்புத் துணுக்குகளை எடுத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து லண்டன் ஒலிம்பிக்கில் முதல் தடையிலேயே விழுந்தார். அதே கால் நாண் அறுந்துபோயிருந்தது. ஆனாலும் எலும்பு முள் தெரிந்துவிட்டதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவுகட்டிவிட முடியாது. வலியே இல்லாத எத்தனையோ குதிகால்களிலும் அந்த முள் இருக்கிறது.

அல்ட்ராசவுண்ட் வந்த பிறகுதான் நாணை நேருக்கு நேர் பார்க்க முடிந்தது. குதிகால் நாணுக்கு மிகப் பொருத்தமான கருவி இதுதான் என்பது என் கருத்து. நாண் தோலுக்கு அடியிலேயே ஓடுவதால், உயர் அதிர்வெண் ஒலியைப் பயன்படுத்தி மிக நுட்பமாகப் பார்க்கலாம். நோயாளி குப்புறப் படுக்கிறார். பாதம் இரண்டும் கட்டிலின் விளிம்பைத் தாண்டித் தொங்குகின்றன. ஜெல் தடவி, நாணின் நீளவாக்கில் புரோபை வைத்ததும் திரையில் வெண்ணிறக் கோடுகள் நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. அவை கொலாஜன் இழைக்கற்றைகளின் எதிரொலி. புரோபை 90 டிகிரி திருப்பினால் நாணின் குறுக்குவெட்டு. அதில் முன்பின் தடிமனை அளப்பார்கள். நல்ல நாண் சுமார் 4 முதல் 6 மி.மீ. இருக்கும். நோயுற்றது நடுவில் பருத்து, சில சமயம் 10 மி.மீ.யைத் தாண்டும். வெண்கோடுகள் விலகி, இடையே கறுத்த திட்டுகள் தெரியும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒலி நாணின் இழைகளில் செங்குத்தாகப் பட்டால்தான் நேராகத் திரும்பி வரும். புரோப் சில டிகிரி சாய்ந்தாலே போதும். எதிரொலி வேறு திசையில் போய்விட, நல்ல நாணும் திரையில் கறுத்துவிடும். கை பழகாதவர் அதை நோய் என்று எழுதிவிடக்கூடும். பழகியவர் மணிக்கட்டை லேசாக அசைத்துப் பார்ப்பார். கறுப்பு மறைந்தால் அது கோணத்தின் வேலை. எந்தக் கோணத்திலும் மறையாமல் நின்றால்தான் திசுவில் மாற்றம். ஒரே நாணுக்கு இரண்டு சென்டர்களில் இரண்டு விதமாக ரிப்போர்ட் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அல்ட்ராசவுண்டின் உண்மையான பலம் படத்தின் துல்லியத்தில் மட்டும் இல்லை. நல்ல ரேடியாலஜிஸ்ட் கறுத்த திட்டின் மேல் புரோபை அழுத்தி, ‘இங்கேயா வலிக்கிறது?’ என்று கேட்பார். ‘இல்லைங்க, இன்னும் கொஞ்சம் கீழே’ என்று பதில் வந்தால், அந்தத் திட்டு வெறும் பழைய கதையாக இருக்கலாம். கீழே நகர்த்தினால் நாணுக்கும் எலும்புக்கும் இடையே உள்ள நீர்ப்பை வீங்கியிருப்பது தெரியலாம். நாணின் உட்பக்கத்தை ஒட்டி ஓடும் மெல்லிய பிளாண்டாரிஸ் நாண் அழுத்திக்கொண்டிருப்பதும் தெரியலாம். படத்தையும் வலியையும் ஒரே நொடியில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதி எம்.ஆர்.ஐ.யில் கிடையாது. பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லி, நாண் முழுதாக நகர்கிறதா, நடுவில் இடைவெளி திறக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

இப்படிப்பட்ட ஸ்கேனை நம் நாட்டில் விளையாட்டு மருத்துவரின் மேசையில் காண்பது அரிது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க வந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அல்ட்ராசவுண்ட் கருவி வைத்திருக்கும் இடங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். யார் இயக்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. அந்தச் சட்டம் தேவையானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் பக்க விளைவாக, காலைத் தொட்டுச் சோதிக்கும் மருத்துவர் ஒரு கட்டிடத்திலும், படம் பார்ப்பவர் இன்னொரு கட்டிடத்திலும் இருக்கிறார்கள். இருவருக்கும் நடுவே பயணிப்பது ஒரு காகிதம். அந்தக் காகிதத்தில் ‘அழுத்தியபோது வலித்ததா’ என்ற விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை.

ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளர் இந்தக் கதையில் தனிப் பக்கம் பெற வேண்டியது. அதற்குப் போகும் வழி ஒரு மருத்துவரின் சொந்த வலியில் தொடங்குகிறது. 1990-களின் நடுவில் சுவீடனின் வடபகுதியில் உள்ள உமியோ நகரில் எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சனுக்கே குதிகால் நாண் வலி. அறுவை சிகிச்சை செய்துவிடச் சொன்னார். அவருடைய மேலதிகாரி மறுத்துவிட்டார். நாணை அறுத்துக்கொண்டால் பிறகு அறுவை செய்துதானே ஆகவேண்டும் என்று, வலிக்க வலிக்கக் கனமான சுமையோடு குதியை இறக்கி ஏற்றும் பயிற்சியை ஆல்ஃபிரெட்சன் தொடங்கினார். நாண் அறவில்லை; வலிதான் போனது. அந்தக் கதையைச் சொல்வது அவரேதான். 1998-இல் 15 பேருக்கு அதே பயிற்சியைக் கொடுத்து முடிவை வெளியிட்டார். படிக்கட்டின் விளிம்பில் நின்று, முழங்கால் நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை, வலிக்கும் காலில் குதியை மெல்ல இறக்க வேண்டும். 15 தடவை வீதம் மூன்று சுற்று, காலையும் மாலையும், பன்னிரண்டு வாரம். கணக்குப் போட்டால் நாளுக்கு 180 தடவை. பதினைந்து பேரும் திரும்ப ஓடத் தொடங்கினார்கள்.

அடுத்த ஆண்டே அவருடைய குழு, வலிக்கும் நாணுக்குள் நுண்குழாய் செலுத்தி அங்குள்ள வேதிப்பொருட்களை அளந்தது. அழற்சியின் அடையாளமான புரோஸ்டாகிளாண்டின் E2 கூடியிருக்கவில்லை. நரம்புகளோடு தொடர்புடைய குளூட்டமேட் கூடியிருந்தது. 1976-லேயே இத்தாலியின் புட்டுவும் சகாக்களும் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, இது அழற்சியைவிடச் சிதைவு என்று பிரித்துக் காட்டியிருந்தார்கள். வலிமாத்திரைகள் இந்த நோயை மாற்றாததற்கு இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது.

2001-இல் கதிரியக்க மருத்துவர் லார்ஸ் ஓபெர்க்கும் ஆல்ஃபிரெட்சனும் டாப்ளர் வைத்துப் பார்த்தபோது, வலிக்கும் நாண்களில் முன்பக்கத்திலிருந்து மெல்லிய புது ரத்தக் குழாய்கள் நுழைந்திருப்பது திரையில் சிவப்பும் நீலமுமாகத் தெரிந்தது. வலியில்லாத நாண்களில் அது தெரியவில்லை. ரத்தக் குழாயோடு நரம்பும் சேர்ந்து நுழைகிறது. வலியின் ஊற்று அங்கேதான் என்று அவர்கள் கருதினார்கள். குழாய்களைச் சுருக்கும் பாலிடோக்கனால் மருந்தை, திரையைப் பார்த்தபடியே ஊசியால் செலுத்தும் முறை 2002-இல் வந்தது. தொடக்க முடிவுகள் நன்றாக இருந்தன. பிறகு மற்ற ஊர்களில் செய்தவர்களுக்கு எல்லாம் அதே அளவு பலன் கிடைக்கவில்லை.

டாப்ளர் எவ்வளவு எளிதில் ஏமாற்றும் என்பதையும் சொல்லவேண்டும். அந்தக் குழாய்கள் மிக நுண்ணியவை. பாதத்தை மேல்நோக்கி மடக்கி நாணை இழுத்தால் அவை நசுங்கி, திரையில் நிறம் மறைந்துவிடும். புரோபைச் சற்று அழுத்திப் பிடித்தாலும் மறையும். ஓடிவிட்டு வந்து படுத்தால் கூடுதலாகத் தெரியும். கருவியின் உணர்திறனைக் கூட்டினால் நல்ல நாணிலும் ஒன்றிரண்டு புள்ளி மின்னும். ஆகவே ‘ரத்த ஓட்டம் இல்லை’ என்ற வரியைப் படிக்கும்போது, பாதம் தளர்வாகத் தொங்கிய நிலையில்தான் பார்த்தார்களா என்று கேட்பது நியாயம்.

இப்போது மையக் கேள்விக்கு வருவோம். படம் எவ்வளவு தூரம் உண்மை பேசுகிறது? கரீம் கானும் சகாக்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வின் எண்களை நான் பலரிடம் சொல்வதுண்டு. வலிக்கும் 57 நாண்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். 37-இல்தான் மாற்றம் தெரிந்தது. மீதி 20-ம் வலித்தன, ஆனால் பார்வைக்கு நல்ல நாண்கள். வலியே இல்லாத 28 நாண்களில் 9-இல் மாற்றம் தெரிந்தது. எம்.ஆர்.ஐ.யில் வலிக்கும் 34-இல் 19-இல்தான் மாற்றம். வலியில்லாத 16-இல் ஒன்றே ஒன்றில் மட்டும் மாற்றம். அதாவது எம்.ஆர்.ஐ. பொய்யாகக் குற்றம் சாட்டுவது குறைவு. ஆனால் கோட்டை விடுவது அதிகம். அதன் பிறகு கருவிகள் எவ்வளவோ கூர்மையாகிவிட்டன. ஆனாலும் வலியில்லாதவர்களிடம் மாற்றம் தெரிவது நிற்கவில்லை. கருவி கூர்மையாக ஆக, சின்னச் சின்ன மாற்றமும் கண்ணில் படுகிறது.

அப்படியானால் வலியில்லாதவரின் படத்தில் தெரியும் மாற்றத்துக்கு அர்த்தமே இல்லையா? இருக்கிறது. டென்மார்க்கின் முன்னணிக் கால்பந்து வீரர்களை யுல்ரிச் ஃப்ரெட்பெர்க் பருவத் தொடக்கத்தில் ஸ்கேன் செய்து வைத்தார். 2002-இல் வெளியான முடிவுப்படி, அன்று வலியில்லாமல் மாற்றம் மட்டும் தெரிந்தவர்களுக்கு அந்தப் பருவத்துக்குள் வலி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகமாக இருந்தது. ஆக, மாற்றம் என்பது எச்சரிக்கை, தீர்ப்பு அல்ல. வலி வந்த பிறகு ஒருவர் எவ்வளவு விரைவில் தேறுவார் என்பதை அதே படம் நம்பகமாகச் சொல்வதில்லை. பயிற்சிக்குப் பின் நாணின் தடிப்பு குறைந்து கோடுகள் மீண்டதாக 2004-இல் உமியோ குழு எழுதியது. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, வலி குறைவதற்கும் படம் சீராவதற்கும் உறுதியான தொடர்பில்லை என்றது. படம் அப்படியே இருக்க, ஆள் தேறி ஓடிக்கொண்டிருப்பார்.

இதற்கு விளக்கம் பந்தயக் குதிரைகளின் வழியாக வந்தது. குதிரையின் கால் நாண் பழுதானால் பணம் போய்விடும் என்பதால், நெதர்லாந்தின் ஹான்ஸ் வான் ஸ்கீ நாணின் திசுவை முப்பரிமாணத்தில் அளக்கும் ஓர் அல்ட்ராசவுண்ட் முறையை உருவாக்கினார். மோட்டாரில் பொருத்திய புரோப் 12 செ.மீ. நீளத்தில் 0.2 மி.மீ.க்கு ஒரு படமாக, 600 படங்கள் எடுக்கும். அவற்றை ஒப்பிட்டு இழைகள் எங்கே சீராக இருக்கின்றன, எங்கே குலைந்திருக்கின்றன என்று நான்கு நிறங்களில் கணினி பிரித்துக் காட்டும். இதையே மனித நாணில் வைத்துப் பார்த்தவர்கள் ஆஸ்திரேலியாவின் ஷான் டாக்கிங்கும் ஜில் குக்கும். நோயுற்ற நாணில் குலைந்த பகுதி கூடுதலாக இருந்தது, அதில் வியப்பில்லை. ஆனால் சீரான இழைகளின் மொத்த அளவைக் கணக்கிட்டால், அது நல்ல நாணுக்குக் குறையவில்லை. நாண் பருத்ததே அந்த ஈடுகட்டலுக்காக என்று அவர்கள் கருதினார்கள். ஓட்டையை விட்டுவிட்டு டோனட்டைக் கவனியுங்கள் என்று அவர்கள் எழுதினார்கள். நமக்கு உளுந்து வடை. நடுவிலுள்ள துளையைப் பார்த்து வடையே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. சுற்றிலும் இருக்கும் மாவுதான் பசி தீர்க்கிறது. ரிப்போர்ட்டில் ‘பார்ஷியல் டேர்’ என்று வரும் அந்தக் கறுத்த திட்டு பல சமயங்களில் இந்தத் துளைதான். சுற்றியுள்ள நல்ல இழைகள் சுமை தாங்கத் தயாராக இருக்கின்றன. பயிற்சி பலப்படுத்துவதும் அவற்றைத்தான்.

எம்.ஆர்.ஐ.யில் நல்ல நாண் கரிக்கறுப்பாகத் தெரியும். நாணில் நீர் இருக்கிறது. ஆனால் கொலாஜனோடு இறுகப் பிணைந்திருப்பதால் அதன் சிக்னல் ஓரிரு மில்லி நொடிகளில் அடங்கிவிடுகிறது. வழக்கமான முறையில் கருவி அதைப் பதிவு செய்யத் தொடங்கும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். நோயுற்ற இடத்தில் பிணைப்புத் தளர்ந்து நீர் கூடுவதால், கறுப்புக்கு நடுவே சாம்பல் தெரியும். குறுக்குவெட்டில் நல்ல நாணின் முன்பக்கம் தட்டையாக அல்லது சற்றுக் குழிந்திருக்கும். நோயில் அது உருண்டு புடைக்கும். இழைகள் காந்தப்புலத்துக்கு 55 டிகிரி கோணத்தில் வந்தால் நல்ல நாணும் சாம்பலாகத் தெரியும் என்ற இயற்பியல் விநோதமும் உண்டு. நம் நாண்தான் திருகிக்கொண்டே இறங்குகிறதே, அதன் சில இழைகளுக்கு இது நேரும். தெரிந்தவர் வேறு வகைப் படத்தோடு ஒப்பிட்டு இதை விலக்கிவிடுவார்.

நடுப்பகுதி வலிக்கு எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் வீண்செலவு என்றே சொல்வேன். அதன் இடம் வேறு: குதி எலும்புக்குள்ளேயே நீர்க்கோவை இருக்கிறதா என்று பார்க்க, அறுவை சிகிச்சைக்கு முன் திட்டமிட, பழைய அறுப்பில் இரு முனைகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று அளக்க, கட்டி போன்ற வேறு ஏதாவது சந்தேகம் இருந்தால் தீர்க்க. நாணின் விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராபியும் வந்திருக்கிறது. பாதத்தின் கோணம் மாறினாலும், கருவியின் தயாரிப்பு மாறினாலும் அதன் எண்கள் மாறுகின்றன. அன்றாட வைத்தியத்தில் அதை நம்பி முடிவெடுக்கும் நிலை இன்னும் வரவில்லை.

படம் உயிரையே காப்பாற்றக்கூடிய ஓர் இடம் உண்டு. அதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இரண்டு கால்களிலும் நாண் ஒரே மாதிரி தடித்திருந்தால், கொழுப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். பரம்பரையாக வரும் மிகை கொலஸ்ட்ரால் நோயில் கொழுப்பு குதிகால் நாணில் படிகிறது; அதே கொழுப்பு இதயத் தமனிகளிலும் இளம் வயதிலேயே படிந்துகொண்டிருக்கும். ஜப்பானில் இந்த நோயைக் கண்டறியும் அளவுகோல்களில் ஒன்று குதிகால் நாணின் தடிமன்தான்: 2022-இல் திருத்திய வழிகாட்டலின்படி எக்ஸ்ரேயில் ஆண்களுக்கு 8 மி.மீ., பெண்களுக்கு 7.5 மி.மீ. அல்லது அதற்கு மேல். முப்பது வயதில் இரு நாணும் பருத்தவருக்கு, பயிற்சிச் சீட்டோடு ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கொடுக்க வேண்டும். முதுகு காலையில் விறைக்கும் இளைஞருக்கு எலும்பும் நாணும் சேரும் இடத்தில் வலி என்றால், அது மூட்டு வாத வகையைச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். அண்மையில் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளைச் சாப்பிட்டீர்களா என்றும் கேட்க வேண்டும். இந்த வகை மருந்துகள் நாணைப் பாதிக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. நம் ஊரில் வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் மாத்திரைகளும் இவைதான்.

ஸ்கேனைக் காட்டி விற்கப்படும் வைத்தியங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘துளையில் உங்கள் ரத்தத்தின் தட்டணுக்களையே செலுத்தினால் ஆறிவிடும்’ என்று பி.ஆர்.பி. ஊசியைப் பரிந்துரைக்கும் கிளினிக்குகள் நம் நகரங்களில் பெருகிவிட்டன. நெதர்லாந்தில் ராபர்ட்-யான் டி வோஸ் 54 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பி.ஆர்.பி.யும் வெறும் உப்புநீரும் ஒரே பலனைத்தான் தந்தன. பிரிட்டனில் 240 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2021-இல் அதையே உறுதிசெய்தது. படத்தில் துளை இருப்பதைக் காட்டி ஊசிக்குப் பணம் கேட்பது ஆதாரமில்லாத செயல்.

திடீரென்று பின்னால் யாரோ உதைத்தது போல உணர்ந்து, ‘டப்’ என்று சத்தம் கேட்டு, அதன் பின் முன்காலில் எழும்ப முடியவில்லை என்றால் கதை முற்றிலும் வேறு. அது அறுப்பு. குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைச்சதையைப் பிசைந்தால் பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையாவிட்டால் அன்றே எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘சுளுக்கு’ என்று எண்ணெய் தேய்த்து வாரக் கணக்கில் விட்டுவிட்டால் முனைகள் விலகிப் போய், எளிதாக ஆற வேண்டியது பெரிய அறுவையாகிவிடும்.

மற்ற நாள்பட்ட வலிக்கு, 2021-இல் வெளியான டச்சு மருத்துவர்களின் வழிகாட்டல் சொல்வதை நானும் சொல்கிறேன். நோயைக் கண்டுபிடிக்கக் கதையும் விரலும் போதும். சந்தேகம் இருந்தாலோ, எதிர்பார்த்தபடி தேறாவிட்டாலோ படம் எடுக்கலாம். குறைந்தது பன்னிரண்டு வாரம் கெண்டைக்கால் பயிற்சி. அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவது முறையான வைத்தியத்தில் ஆறு மாதம் கழிந்த பிறகுதான். ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினால், ‘டாக்டர், இந்தப் படத்தில் என்ன வந்தால் வைத்தியத்தை மாற்றுவீர்கள்?’ என்று தயங்காமல் கேளுங்கள். மாற்றம் எதுவும் இல்லை என்றால் அந்தப் பணத்தை நல்ல பிசியோதெரபிஸ்ட்டுக்குச் செலவிடுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு வலிக்கும் காலில் மட்டும் நின்று எத்தனை முறை குதியை முழுதாக உயர்த்த முடிகிறது, மற்றக் காலில் எத்தனை முறை என்று இன்றைக்கே எண்ணி, தேதி போட்டு எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை மறுபடி எண்ணுங்கள். மருத்துவரிடம் போகும்போது ஸ்கேன் உறையோடு அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.